டெக்கைத் தட்டிப் பார்க்காமல் படகு வாங்காதீர்கள்

நான் பாய்மரப் படகு ஓட்டுகிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், அடுத்த கேள்வி தயாராக வந்து நிற்கும்: "எந்தக் கம்பெனி போட் நல்லது?" காருக்கு அந்தக் கேள்வி சரி. டொயோட்டா என்றால் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது, அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. இருபது, முப்பது அடி பாய்மரப் படகில் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது. ஒரே கம்பெனி 1965-இல் செய்ததும் 1985-இல் செய்ததும் வேறு வேறு ரகமாக இருக்கும். ஒரே வரைபடத்தை வைத்து இரண்டு பட்டறைகள் செய்திருந்தால் அந்த இரண்டுமே ஒன்றாக இருக்காது. அதற்கும் மேல், சந்தையில் விலைக்கு வருகிற பழைய படகுகள் பலவற்றைச் செய்த கம்பெனி இன்று உயிரோடு இல்லை. பெயரை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

உதாரணத்துக்கு பியர்சன் ட்ரைட்டன். 28 அடிப் படகு. அமெரிக்காவில் ஃபைபர்கிளாஸ் படகு என்பது நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய பொருளாக மாறியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்று இரண்டு பேர், ஒன்றுவிட்ட சகோதரர்கள், 1950-களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சீகாங்க் என்ற ஊரில் வீட்டு கராஜில் சின்னச் சின்ன ஃபைபர் ஓடங்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். டாம் பாட்டர் என்பவர் அவர்களிடம் ஒரு யோசனையோடு வந்தார்: பத்தாயிரம் டாலருக்குள், ஒரு குடும்பம் படுத்து எழுந்து சமைத்துச் சாப்பிடக்கூடிய பாய்மரப் படகு. வரைந்து கொடுத்தவர் கார்ல் ஆல்பர்க். 1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைத்தார்கள், விலை 9,700 டாலர். கையில் கராஜ் மட்டும் இருக்க, ஆர்டர்கள் வந்து குவிந்துவிட்டன. அவசர அவசரமாகப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டி, ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிரிஸ்டல் ஊரில் இருந்த பழைய ஹெரஷாஃப் பட்டறையை வாங்கினார்கள். 1893 முதல் 1934 வரை அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் பந்தயத்தை வென்ற படகுகள் பலவற்றைக் கட்டிய இடம் அது. மரத்தச்சர்கள் கோயிலாக நினைத்த கொட்டகையில் ஃபைபரை ஒட்டும் ரெசின் பசை டிரம்மை உருட்டிக்கொண்டு போனபோது அங்கே இருந்த கிழவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

ட்ரைட்டன் 1967 வரை ஓடியது, 700-க்கு மேல் செய்தார்கள். பெரும்பாலானவை பிரிஸ்டலில் செய்தவை. கொஞ்சம் மட்டும் கலிபோர்னியாவில் சாசலிட்டோவில் ஏரோமரீன் என்ற பட்டறையில் செய்தவை. வடிவம் ஒன்றேதான். ஆனால் பிரிஸ்டலில் செய்த கிழக்குக் கரைப் படகின் டெக், அதாவது நாம் கால் வைத்து நடக்கும் மேல்தளம், இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தது. மேற்குக் கரைப் படகின் டெக் முழு ஃபைபர். நடுவில் ஒன்றும் இல்லை. அறுபது வருடம் கழித்து இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? கிழக்குக் கரை ட்ரைட்டன் வாங்கினால் டெக்குக்குள் மரம் ஊறிப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மேற்குக் கரை ட்ரைட்டனில் அந்தத் தலைவலியே கிடையாது. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ட்ரைட்டன்தான்.

பால்சாவைக் குறை சொல்லவும் முடியாது. தக்கை போல என்று நாம் சொல்கிற மாதிரியான எடை, ஆனால் இழை நிமிர்ந்து நிற்கும்படி குறுக்கே அறுத்து, இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவில் ஒட்டிவிட்டால் வளையாத பலகை கிடைக்கும். டெக் கனமாக இருந்தால் படகு மேலே பளுவாகிச் சாயும். அதனால் இலேசான நடுப்பொருள் தேவைதான். எவரெட் பியர்சன்தான் இந்த முறையைப் படகுத் தொழிலில் முதலில் பரப்பியவர்களில் ஒருவர். பிரச்சினை பால்சாவில் இல்லை, அதில் போடுகிற ஓட்டையில். கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கட்டை, காற்றுத் துவாரம், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்று ஒரு சின்னப் படகின் டெக்கில் கூட நூறு ஓட்டை சாதாரணமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட், சுற்றிலும் தண்ணீர் புகாமல் அடைக்கக் கொஞ்சம் சீலன்ட். அந்த சீலன்ட் பத்து வருடம் தாங்கும், பதினைந்து வருடம் தாங்கும், அப்புறம் யாரும் கவனிக்காமல் ஒரு சொட்டு உள்ளே இறங்கும். ரோட் ஐலண்டில் குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து, ஃபைபர் தோலை மரத்திலிருந்து பிரித்துவிடும். அடுத்த மழைக்கு இடம் இன்னும் தாராளம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடி போதும். டெக்கில் மண்டியிட்டு, கைப்பிடிக் கம்பி நிற்கும் அடித்தகட்டைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கறாராகச் சத்தம் வரும். பிரிந்த இடத்தில் "தொப்" என்று செத்துப்போகும். ஒரு தடவை கேட்டுவிட்டால் காது மறக்காது. அந்த இடத்தில் போல்ட்டைக் கழற்றினால் பழுப்புத் தண்ணீர் ஒழுகும், உள்ளே பால்சா டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி கையோடு வரும்.

நல்ல பட்டறை என்ன செய்யும் என்றால், எங்கெல்லாம் போல்ட் வரப்போகிறது என்று அச்சிலேயே குறித்துவைத்து, அந்த இடத்தில் பால்சாவை வைக்காமல் முழு ஃபைபராகவே போட்டுவிடும். அல்லது ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, சுற்றி அரை அங்குலம் மரத்தைச் சுரண்டி எடுத்து, கெட்டியான எபாக்சிப் பசையால் அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவில் திரும்பத் துளைக்கும். அப்போது சீலன்ட் செத்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. செலவு என்று பார்த்தால் அற்பம், நேரம்தான் போகும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் மூன்று டெக்கை முடித்துத் தர வேண்டும் என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த வேலை நடக்காது. விளம்பரத்தில் இது வரவும் வராது. கண்காட்சியில் மெத்தையைத் தடவிப் பார்க்கிறவர்கள் யாரும் சாமான் வைக்கும் லாக்கருக்குள் தலையை விட்டு போல்ட்டுக்குப் பின்னால் வாஷர் என்ன சைஸ் என்று பார்ப்பதில்லை.

நான் பார்ப்பேன். எந்தப் படகில் ஏறினாலும் முதலில் பின்பக்க லாக்கரைத் திறந்து தலையை விடுவேன். அங்கேதான் பட்டறை தன் உண்மையான கையெழுத்தைப் போட்டிருக்கும், ஏனென்றால் அதை யாரும் பாலிஷ் போட்டு மறைக்க மாட்டார்கள். கண்ணாடி இழைத் துணி சீராகப் படிந்திருக்கிறதா, அல்லது இழைகள் ரெசின் குடிக்காமல் வெள்ளை வெள்ளையாக நிற்கின்றனவா? ரெசின் மூலையில் தேங்கிக் குளமாகக் கட்டியிருக்கிறதா? ஹல் என்கிற அடி உடலும் டெக்கும் சேரும் விளிம்பில் போல்ட் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக நட்டு, வாஷரோடு வரிசையாக இருக்கிறதா, இல்லை மரத்துக்கு முடுக்குகிற மாதிரி வெறும் ஸ்க்ரூவா, ரிவெட்டா? நங்கூரக் கயிறு கட்டும் கட்டைக்கு அடியில் ஒரு தடித்த தகடு இருக்கிறதா? இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் கம்பெனி பெயர் எனக்குத் தேவையே இல்லை.

பழைய படகுகளைப் பற்றி ஒரு கதை எல்லோரும் சொல்வார்கள்: அந்தக் காலத்தில் ஃபைபர் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை, அதனால் மரப் பலகை அளவுக்குத் தடிமனாக ஊற்றினார்கள், அதனால்தான் இன்னும் இருக்கிறது என்று. பாதி உண்மை. தடிமனாக இருந்தது சரி. ஆனால் தடிமன் வேறு, பலம் வேறு. பலம் கொடுப்பது கண்ணாடி இழை, ரெசின் அதைப் பிடித்து வைத்திருக்கும் பசை மட்டும்தான். கையால் ரோலர் உருட்டிச் செய்த பழைய முறையில், துண்டு துண்டாக வெட்டிய இழைகளால் ஆன விரிப்பு போட்ட இடங்களில் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணாடி, மீதி ரெசின். தடித்து, கனத்து, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். இருந்தாலும் அந்த முரட்டுத்தனம் மோசமான வேலையையும் மன்னித்துவிடும். ஒரு இடத்தில் ரோலர் சரியாக உருளவில்லை என்றாலும் பக்கத்தில் நிறையச் சதை இருக்கிறது. ஜேம்ஸ் பால்ட்வின் என்பவர் "ஆட்டம்" என்ற ட்ரைட்டனில் உலகத்தை இரண்டு தடவை சுற்றினார் என்றால், அந்த ஹல்லில் அவ்வளவு சதை இருந்தது ஒரு காரணம். மறு காரணம் அந்த மனிதர் தன் படகை ஒவ்வொரு போல்ட்டாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டே போனது.

சரி, பியர்சன் கதைக்கு வருவோம். ட்ரைட்டன் வந்து இரண்டு வருடத்தில் விமானக் கம்பெனியான க்ரம்மன் பியர்சனின் பெரும்பங்கை வாங்கிவிட்டது. கொஞ்ச வருடத்தில் இரண்டு பியர்சன்களும் பியர்சன் கம்பெனியில் இல்லை! கிளின்டன் வெளியே வந்து பிரிஸ்டல் யாட்ஸ் என்று வேறு கடை போட்டார். எவரெட், நீல் டில்லட்சன் என்பவரோடு சேர்ந்து டில்லட்சன்-பியர்சன் ஆரம்பித்தார். இந்த டில்லட்சன் ரப்பர் பலூனிலும் ரப்பர் கையுறையிலும் காசு பார்த்தவர். அமெரிக்க அதிபர் தேர்தலில் நடுராத்திரி முதல் ஓட்டு போடுவார்களே டிக்ஸ்வில் நாட்ச் என்ற ஊர், அங்கே பல வருடம் முதல் சீட்டைப் பெட்டியில் போட்டவரும் இவர்தான். படகுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

1977-இல் இருந்து டில்லட்சன்-பியர்சன் செய்தது ஜே/24 என்ற 24 அடிப் பந்தயப் படகு. ராட் ஜான்ஸ்டன் கனெக்டிகட்டில் தன் வீட்டு கராஜில் முதல் படகைச் செய்து ஓட்டி ஜெயித்த பிறகு தொழிற்சாலைக்குப் போன வடிவம். உலகம் முழுக்க 5,000-க்கு மேல் இருக்கின்றன. நல்ல பட்டறை, நல்ல வடிவம், கறாரான பந்தய விதிகள். அப்படியிருந்தும் ஆரம்பக் கால ஜே/24 ஒன்றின் அடியைப் போய்ப் பாருங்கள்: கீல், அதாவது படகைக் கவிழாமல் நிறுத்தும் கனமான அடிப்பகுதி, ஹல்லோடு சேரும் இடத்தில் முன்பக்கம் சிரிப்பு மாதிரி ஒரு விரிசல் இருக்கும். காரணம் என்ன தெரியுமா? கீல் போல்ட் உட்காரும் பள்ளத்தை ரெசினோடு வெர்மிகுலைட் கலந்து நிரப்பியிருந்தார்கள். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தொட்டி மண்ணில் எதற்காக அதைக் கலக்கிறோம்? தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான். படகின் அடிப்பள்ளத்தில் அதையே போட்டால் அதே வேலையைத்தான் செய்யும். அப்புறம் சுரண்டி எடுத்துவிட்டு ஃபைபரால் நிரப்பிக் கீலைத் திரும்ப முடுக்குவது ஜே/24 வாங்கியவர்களின் சடங்காகவே ஆகிவிட்டது.

விலை குறைந்த படகுக்காரர்களும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். கேட்டலினா கம்பெனியின் கேட்டலினா 30-இன் ஆரம்பக் காலப் படகுகளில் அந்த இடத்தில் பிளைவுட். அதுவும் ஊறி அமுங்கும், அங்கேயும் விரிசல். அதற்குப் பெயரே "கேட்டலினா புன்னகை". கௌரவமான கம்பெனிக்கும் மலிவான கம்பெனிக்கும் நடுவில் இந்த விஷயத்தில் என்ன பெரிய வித்தியாசம் என்று நீங்களே சொல்லுங்கள். இன்னும் கேட்டால் கேட்டலினா பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு. ஃபிராங்க் பட்லர் ஆரம்பித்த கம்பெனி, அவர்களுடைய கேட்டலினா 22 மட்டும் 15,000-க்கு மேல் விற்றது. ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவ்வளவு படகு இருப்பதால் எந்தப் பழுதும் புதுப் பழுதில்லை. எங்கே உடையும் என்று ஊருக்கே தெரியும், பாகமும் கிடைக்கும். நாற்பது வருடப் படகு வாங்குகிறவனுக்கு இது தேக்கு மர அலங்காரத்தைவிடப் பெரிய விஷயம்.

கீல் என்று வந்துவிட்டதால் விளையாட்டில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2014 மே மாதம் "சீக்கி ராஃபிகி" என்ற 40 அடிப் படகு, பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7, கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் இருந்து இங்கிலாந்து திரும்பும்போது அட்லாண்டிக் நடுவில் கீல் கழன்று கவிழ்ந்தது. நாலு பேர் போய்விட்டார்கள். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு எழுதிய அறிக்கையில், முன்பு தரை தட்டியதும் அதற்குச் செய்த ரிப்பேர்களும் சேர்ந்து உள்கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் படகுகளில் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஒரு சட்டத்தைத் தனி அச்சில் வார்த்து, ஹல்லுக்குள் இறக்கிப் பசையால் ஒட்டிவிடுவார்கள். வேகமான முறை, ஒழுங்காக ஒட்டினால் பலமானதும்கூட. ஆனால் அடிபட்டபின் அந்த ஒட்டு விட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது கஷ்டம். கையால் பட்டை பட்டையாக ஃபைபர் போட்டு இணைத்த பழைய படகில் விரிசல் கண்ணுக்குத் தெரியும். எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம்: பழுதை மறைக்காத படகு நல்ல படகு.

பந்தயப் படகில் இந்தத் தரப் பிரச்சினை இன்னொரு விதமாக வெடிக்கும். லேசர் படகு தெரியும்தானே, ஒருவர் ஓட்டும் 4.23 மீட்டர் படகு, 1971-இல் விற்பனைக்கு வந்தது, 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. சென்னையின் நேத்ரா குமணனும் வேலூரின் விஷ்ணு சரவணனும் டோக்கியோவிலும் பாரிசிலும் ஓட்டியது இந்த ரகம்தான். எல்லாப் படகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஜெயிப்பது ஆளாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. அதனால் எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கே ஒரு கையேடு உண்டு. 2019-இல் லேசர் பந்தயச் சங்கம், தொழிற்சாலையைப் பார்வையிட விடவில்லை என்று சொல்லி பெரிய தயாரிப்பாளரான லேசர்பெர்ஃபார்மன்ஸின் அனுமதியை எடுத்துவிட்டது. லேசர் என்ற பெயர் உரிமை கம்பெனியிடம் இருந்ததால் படகே அந்தச் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கமான ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாறிவிட்டது. வடிவமைத்த புரூஸ் கிர்பி வேறு தன் பங்குக்கு கோர்ட்டில் பல வருடம் நின்றார். இப்போது பல நாட்டில் பல பட்டறைகள் செய்கின்றன, எந்தப் பட்டறைப் படகு கொஞ்சம் விறைப்பு என்று பையன்கள் கிசுகிசுப்பதும் நிற்கவில்லை.

ஒன்று நினைத்தால் சிரிப்பு வரும். இந்தக் கம்பெனிகளைக் கொன்றதில் அவர்கள் செய்த படகுகளுக்கே பெரிய பங்கு. மரப் படகு அழுகி ஒழியும், புதிதாக வாங்குவார்கள். ஃபைபர் ஹல் ஒழியாது. 1980-களின் முடிவில் பார்த்தால் புதுப் படகுக்குப் போட்டி பக்கத்துக் கம்பெனி இல்லை, தானே இருபது வருடத்துக்கு முன்னால் விற்ற படகு, பத்தில் ஒரு பங்கு விலையில். அந்த நேரம் பார்த்துப் பொருளாதார மந்தம். 1991-இல் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுகளுக்கு 10 சதவீதம் ஆடம்பர வரி வேறு, இரண்டு வருடத்தில் அதை நீக்கிவிட்டார்கள், ஆனால் அதற்குள் பல பட்டறைகள் பூட்டியாகிவிட்டது. பியர்சன் யாட்ஸ் 1991-இல் மூடியது.

எவரெட்டின் டில்லட்சன்-பியர்சன் மட்டும் வேறு வழியில் போனது. ரோலரை விட்டுவிட்டு, காய்ந்த துணியை அச்சில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடமே ரெசினை உள்ளே இழுக்கும்படி செய்யும் ஸ்க்ரிம்ப் என்ற முறைக்கு மாறினார்கள். பில் சீமன் என்பவருடைய காப்புரிமை. இதில் எடையில் 60, 70 சதவீதம் கண்ணாடி இருக்கும், ரெசின் தேங்காது, கொட்டகையில் ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் நாற்றம் கண்ணைக் கரிக்காது. நீளமான, இலேசான, வளையாத ஒன்றைச் செய்யத் தெரிந்தவனுக்குப் படகைவிடப் பெரிய சந்தை இருந்தது: காற்றாலை இறக்கை. கம்பெனி பெயர் டி.பி.ஐ. காம்போசிட்ஸ் என்று சுருங்கியது, படகு வேலையையே விட்டுவிட்டது, சென்னையில் இறக்கைத் தொழிற்சாலை போட்டு 2020-இல் உற்பத்தி தொடங்கியது. ஜே/24 செய்த கையின் வாரிசுகள் நம்ம ஊரில், அதே கண்ணாடித் துணி, நடுப்பொருளாக அதே பால்சா. லாரியில் பைபாஸ் ஓரமாக நகர்ந்து போகும் அந்த நீள இறக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு ரோட் ஐலண்ட் கொட்டகைதான் ஞாபகம் வரும்.

போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு கேட்டலினா 22 பார்த்துவிட்டு, "பக்கத்தில் கொஞ்சம் விலை அதிகமாக ஒரு பெரிய பெயர் படகும் இருக்கு, எது வாங்கலாம்?" என்று கேட்டார். இரண்டுக்கும் போனோம். பெரிய பெயர் படகில் மெத்தை புதிது, உள்ளே தேக்கு பளபளப்பு, பாய்மரத்தைத் தாங்கும் பக்கவாட்டுக் கம்பிகள் டெக்கைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி "தொப் தொப்". கேட்டலினாவில் டெக் பரவாயில்லை, விளிம்பு போல்ட் ஒழுங்கு. ஆனால் தூக்கி இறக்கும் 250 கிலோ இரும்புக் கீலைத் தாங்கும் கேபிளில் ஒரு புரி அறுந்து துருத்திக்கொண்டிருந்தது, கீழே அச்சாணி ஓட்டை தேய்ந்து கீல் பக்கவாட்டில் ஆடியது. கேபிளும் அச்சாணியும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லி விற்கிறவரிடம் பேசச் சொன்னேன். குறைத்தார். நண்பர் கேட்டலினாவையே வாங்கிவிட்டார்.